ஓட்டல் மெத்தை வீட்டுக்கு வரலாமா?

"அஞ்சரைக்குத்தாம்மா முழிச்சேன்!"

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தாராளமானவர்கள். எங்களை ஒரு பெரிய ஓட்டலில் தங்க வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் என் மாமியார் ஆச்சரியத்தோடு சொன்ன வார்த்தை இது. அவருக்கு வயது 71. பத்து வருஷமாக இடுப்பு வலி, மூட்டு வலி. ராத்திரி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும்வரை புரண்டு புரண்டு படுப்பதுதான்.

அம்மா நிம்மதியாகத் தூங்கினார் என்றதும் என் கணவருக்குத் தாங்கவில்லை. ஊர் திரும்பிய இரண்டாவது வாரமே, "ஓட்டல்ல போடற அதே டைப் சார்" என்று கடைக்காரர் காட்டிய 10 அங்குல ஸ்பிரிங் மெத்தையை வாங்கி வந்துவிட்டார். விலை முப்பத்தெட்டாயிரம். அம்மாவின் தேக்குக் கட்டிலில் அதைப் போட்டபோது வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "எதுக்குப்பா இவ்வளவு செலவு?" என்று வாய் சொன்னாலும், அத்தை முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

ஐந்தாவது நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு 'தொம்' என்று ஒரு சத்தம். பாத்ரூம் போக எழுந்தவர், காலைத் தொங்கப் போட்டிருக்கிறார். தரை எட்டவில்லை. மெத்தையின் விளிம்பு அமுங்க, வழவழவென்ற புது விரிப்போடு சேர்ந்து சறுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "மெத்தை நல்ல மெத்தைதாம்மா. ஆனா அந்தக் கட்டிலுக்கும் அது பொருந்தல, அவங்களுக்கும் பொருந்தல. மணிக்கட்டோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க. இந்த வயசுல இடுப்பு எலும்பு உடைஞ்சிருந்தா கதையே வேற."

அன்று ஆரம்பித்ததுதான் என் மெத்தைப் படிப்பு. டாக்டர், பிசியோதெரபிஸ்ட், மெத்தைக் கடைக்காரர், ஓட்டலில் 'ஹவுஸ்கீப்பிங்' வேலை பார்க்கும் எங்கள் சொந்தக்காரப் பையன் என்று பலரையும் துளைத்தெடுத்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். எங்களுக்கு முப்பத்தெட்டாயிரமும் ஒரு மாவுக்கட்டும் செலவான பாடம் இது. உங்களுக்கு இலவசம்!

ஓட்டலில் மட்டும் ஏன் அப்படித் தூக்கம்?

"அக்கா, அது வெறும் மெத்தை இல்ல. நாலஞ்சு அடுக்கு" என்றான் அந்தப் பையன்.

அடியில் அசையாத, தட்டையான, தாழ்வான ஒரு பேஸ். அதன் மேல் 8 முதல் 10 அங்குல மெத்தை. மேலே 'டாப்பர்' என்று இரண்டு அங்குலத்துக்கு ஒரு மெல்லிய மெத்தை. அதற்கும் மேலே ஈரம் இறங்காமல் தடுக்கும் உறை. அப்புறம்தான் இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பும், போர்த்திக்கொள்ள 'டூவே' என்கிற கனமான போர்வையும். நாம் படுத்ததும் 'அப்பாடா' என்று உடம்பு உணர்வது பெரும்பாலும் அந்த மேல் அடுக்கைத்தான். முதுகைத் தாங்குவது அதற்குக் கீழே இருக்கும் மெத்தை.

இந்த மோகத்தைப் பெரிதாகக் கிளப்பிவிட்டது அமெரிக்காவின் 'வெஸ்டின்' ஓட்டல் நிறுவனம். 1999-ல் 'ஹெவன்லி பெட்' என்ற பெயரில், அடுக்கடுக்கான வெள்ளைப் படுக்கையைத் தன் அறைகளில் போட்டது. படுத்து எழுந்த விருந்தினர்கள், "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்க ஆரம்பிக்கவே, ஓட்டலே மெத்தை விற்கத் தொடங்கியது! மற்ற ஓட்டல்களும் அதே வழியில் போயின. வெள்ளை விரிப்புக்கும் காரணம் உண்டு. அழுக்கு பளிச்சென்று தெரியும். சாயம் போகுமே என்ற பயமில்லாமல் வெந்நீரில் வெளுக்கலாம். அந்த மாதிரி விரிப்புகளை நம்ம ஊர் கரூரிலிருந்தே பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஓட்டலில் ஏ.சி. ஓடுகிறது. ஜன்னலுக்குக் கனமான திரை. காலையில் பால்காரர் மணி அடிப்பதில்லை. அடுப்பில் பால் வைத்த கவலை இல்லை. தூக்கத்தில் பாதிப் பங்கு இவற்றுக்குப் போய்விடும். மெத்தையை வீட்டுக்குக் கொண்டு வரலாம். இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வர முடியுமா?

உள்ளே என்ன இருக்கிறது?

*ஸ்பிரிங் மெத்தை:* இதில் இரண்டு வகை. 'பானல்' வகையில் ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் ஆடும். 'பாக்கெட்' வகையில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பைக்குள் இருக்கும். அதனால் ஆட்டம் குறைவு. விலை கூடுதல். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் 1900-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஸ்பிரிங் மெத்தைக்குள் காற்று ஓடும் என்பதால் நம் வெயிலுக்கு ஏற்றதுதான்.

*ஃபோம்:* கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்தக் கணக்கு. எண் குறைந்தால் சீக்கிரம் பள்ளம் விழும். தினமும் படுக்கிற மெத்தைக்கு 32-க்குக் குறையாமல் கேளுங்கள். கனமான உடம்பு என்றால் 40 நல்லது. ஒரு விஷயம்: டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. டென்சிட்டி கூடிய ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம். 'ரீபாண்டட்' என்பது துண்டு ஃபோம்களை அரைத்து, ஒட்டி, அழுத்திச் செய்தது. கெட்டியாக இருக்கும்.

*மெமரி ஃபோம்:* 1966-ல் அமெரிக்காவின் 'நாசா'வுக்காக, விமான இருக்கைகளை நினைத்து உருவாக்கப்பட்டது. உடம்புச் சூட்டுக்கு இளகி, நம் வடிவத்துக்குக் குழிந்து கொடுக்கும். அதே காரணத்தால் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஏ.சி. இல்லாத அறையில், சித்திரை மாதத்தில் படுத்துப் பார்த்தால் தெரியும்!

*லேட்டக்ஸ்:* ரப்பர் பாலில் செய்வது. மெத்தென்றும் இருக்கும், சட்டென்று நிமிர்ந்தும் கொடுக்கும். விலையும் அதிகம், கனமும் அதிகம். வெயிலில் போட்டால் கெட்டுவிடும்.

*தேங்காய் நார்:* நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்தியது. கெட்டி, காற்றோட்டம், கட்டுப்படியாகும் விலை. ஆனால் நாள்பட்டால் ஆள் படுக்கிற இடத்தில் தொட்டில் மாதிரி குழிந்துவிடும்.

*இலவம் பஞ்சு:* நம் பாட்டி காலத்து மெத்தை. போடிநாயக்கனூர்ப் பஞ்சு என்றால் தனி மதிப்பு. கட்டி தட்டிவிட்டால் பிரித்து, அடித்து, மறுபடி தைத்துக்கொள்ளலாம். வெயிலில் காய வைக்கலாம். இந்த வசதி எந்த விலையுயர்ந்த மெத்தையிலும் கிடையாது.

கெட்டியா, மெத்தென்றா?

"முதுகு வலியா? பலகையில படு" என்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லும் வைத்தியம். 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சி ஒன்று வெளியானது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் மறு பிரிவுக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தால், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலியும் அன்றாட வேலைகளில் இருந்த சிரமமும் நன்றாகக் குறைந்திருந்தன. கல் மாதிரி இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. அதற்காக ஆளை விழுங்குகிற மெத்தையும் கூடாது. இடுப்பு பள்ளத்தில் இறங்கி, முதுகெலும்பு ராத்திரி முழுக்க வளைந்தே கிடக்கும்.

மெத்தையின் மேல் 'ஆர்த்தோ' என்று போட்டிருந்தால் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தது போல என்று நினைக்க வேண்டாம். அது விற்பனைக்காக வைக்கும் பெயர். உங்கள் உடம்பைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த எளிய சோதனை இதோ:

மெத்தையில் மல்லாந்து படுங்கள். இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால், மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே மாட்டேன் என்று அழுந்தினால், ரொம்ப மெத்து. கொஞ்சம் உரசிக்கொண்டு போனால், சரி. ஒருக்களித்துப் படுப்பவர்கள் பக்கவாட்டில் படுத்து, கூட வந்தவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு நேர்கோடாக இருக்க வேண்டும். தோளும் இடுப்பும் வலித்தால் அந்த மெத்தை வேண்டாம்.

எல்லோரும் மறக்கும் கணக்கு!

இப்போது எங்கள் வீட்டில் நடந்ததற்கு வருவோம். இன்ச் டேப் எடுத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

ஓட்டலில் பேஸ் 10 அங்குலம், மெத்தை 10 அங்குலம். மொத்தம் 20.

வீட்டில் பழைய ஏற்பாடு: கட்டில் 16, நார் மெத்தை 4. அதுவும் மொத்தம் 20!

வீட்டில் புது ஏற்பாடு: கட்டில் 16, ஓட்டல் மெத்தை 10. மொத்தம் 26.

அத்தைக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 17 அங்குலம்தான். உட்கார்ந்தால் மெத்தை இரண்டு, மூன்று அங்குலம் அமுங்கும் என்று வைத்துக்கொண்டாலும், பழைய உயரத்தில் பாதம் தரையைத் தொட்டுவிடும். புது உயரத்தில் அந்தரத்தில் தொங்கும். பகலில் சமாளித்துவிடலாம். அரைத் தூக்கத்தில், இருட்டில், மூட்டு வலியோடு சமாளிக்க முடியுமா?

ஓட்டல் மெத்தை தடிமனாக இருப்பது தாழ்வான பேஸில் போடுவதற்காக. நம் வீட்டுக் கட்டில்களோ நாலு அங்குல மெத்தையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இந்த வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

அளவு இதுதான்: விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கலாம். ரொம்பத் தாழ்ந்தாலும் தொல்லை. மூட்டு வலிக்காரர்களால் எழ முடியாது. விளிம்பு 'பொசுக்'கென்று அமுங்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியவர்கள் எழுவதே விளிம்பில் உட்கார்ந்துதான்.

வீட்டில் யார் யார்?

*ஒரு வயதுக்குள் குழந்தை:* மெத்தென்ற மெத்தை, தலையணை, கனமான போர்வை மூன்றுமே ஆபத்து. மூக்கும் வாயும் அழுந்தி மூச்சு முட்டலாம். தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பாதுகாப்பு. பெரியவர்களின் உயரமான மெத்தையில் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

*கர்ப்பிணிகள்:* 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவது நல்லது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை இதமாக இருக்கும். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். ஆளை உள்ளே இழுக்கும் மெத்தையில் இது கஷ்டம்.

*ஆஸ்துமா, தும்மல்காரர்கள்:* எந்த மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் குடியேறும். நம் தோலில் உதிரும் செதில்தான் அவற்றுக்குச் சாப்பாடு. ஈரக்காற்று அவற்றுக்குக் கொண்டாட்டம். கடலோர ஊர்க்காரர்கள் கவனிக்க. மெத்தை முழுவதையும் மூடும் ஜிப் வைத்த நெருக்கமான துணி உறை போடுங்கள். விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

*படுத்த படுக்கையாக இருப்பவர்கள்:* விலையுயர்ந்த மெத்தை வாங்கிப் போட்டுவிட்டோம், படுக்கைப் புண் வராது என்று இருந்துவிடக்கூடாது. டாக்டரைக் கேட்டு, மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும் மோட்டார் வைத்த 'ஏர் பெட்' வாங்கலாம். அதோடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பதும் அவசியம்.

கடைக்குப் போகும் முன்... போன பின்

• கட்டிலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 72, 75, 78 என்று நீளத்திலேயே மூன்று அளவு உண்டு. பழைய கட்டில்கள் எந்த அளவிலும் சேராமல் இருக்கலாம்.

• யார் படுக்கப் போகிறாரோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் செய்த முதல் தப்பு, அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போனதுதான்.

• கையால் அமுக்கிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாகப் படுக்கும் நிலையில் பத்துப் பதினைந்து நிமிஷம் படுங்கள். கூச்சம் வேண்டாம். பல வருஷம் படுக்கப் போவது நீங்கள்.

• "உள்ள என்னென்ன லேயர், எத்தனை இன்ச், என்ன டென்சிட்டி?" என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

• '10 வருட வாரண்டி' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். இத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால்தான் செல்லும், கறை பட்டால் செல்லாது என்றெல்லாம் இருக்கும். அதனால் முதல் நாளே உறை போட்டுவிடுங்கள்.

• கயிற்றுக் கட்டில், நாடாக் கட்டிலில் ஸ்பிரிங்கும் ஃபோமும் சரிப்படாது. சட்டங்கள் உள்ள கட்டில் என்றால் இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டாம். பெட்டிக் கட்டில் என்றால் பலகையில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

• ஓட்டலில் கழித்துக் கட்டிய பழைய மெத்தை மலிவாகக் கிடைக்கிறதா? வேண்டவே வேண்டாம். மூட்டைப்பூச்சியும் கூடவே வரலாம்.

சில கேள்விகள்

*புது மெத்தை வாங்காமலே அந்தச் சுகம் கிடைக்குமா?*

கிடைக்கும். இருக்கிற மெத்தை பள்ளம் விழாமல், கொஞ்சம் கெட்டியாக இருந்தால், அதன் மேல் இரண்டு அங்குல டாப்பர் மட்டும் வாங்கிப் போடுங்கள். செலவு குறைவு. உயரமும் இரண்டு அங்குலம்தான் கூடும். பள்ளம் விழுந்த மெத்தைக்கு மட்டும் இது உதவாது. டாப்பரும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கிவிடும்.

*எப்போது மெத்தையை மாற்ற வேண்டும்?*

வருஷக் கணக்கைவிட மெத்தையின் நிலைமைதான் முக்கியம். நடுவில் குழி தெரிகிறதா? காலையில் எழும்போது வலித்து, நடமாடினால் சரியாகிவிடுகிறதா? வெளியூரில் படுத்தால் நன்றாகத் தூங்குகிறீர்களா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் நேரம் வந்துவிட்டது.

*மெத்தை மாற்றினால் முதுகு வலி போய்விடுமா?*

மெத்தையால் வந்த வலி குறையலாம். ஆனால் கால் மரத்துப் போவது, காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி எப்படிப் படுத்தாலும் தீராத வலி... இவற்றில் ஒன்று இருந்தாலும் மெத்தைக் கடைக்கு அல்ல, உடனே டாக்டரிடம் போங்கள்.

*பராமரிப்பு?*

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்பிப் போடுங்கள். பல ஓட்டல்களில் இதைத் தவறாமல் செய்கிறார்கள். மேல் பக்கம் மட்டும் டாப்பர் தைத்த மெத்தையைக் குப்புறக் கவிழ்க்கக் கூடாது. காலையில் எழுந்ததும் போர்வையை மடித்துவிட்டு, அரை மணி நேரம் மெத்தையைக் காற்றாட விடுங்கள்.

கடைசியில் என்ன செய்தோம்?

"கட்டில் காலை ஆறு இன்ச் அறுத்துடலாமா?" என்று கேட்டார் என் கணவர். அத்தை ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "எங்கப்பா சீதனமாச் செஞ்சு குடுத்த கட்டில்டா. என் காலை வேணா அறு!"

அதனால் மெத்தை இடம் மாறியது. எங்கள் அறையில் தச்சரை வைத்து 10 அங்குலத்தில் ஒரு தாழ்வான பேஸ் செய்து, முப்பத்தெட்டாயிரம் ரூபாய் மெத்தையை அதில் போட்டுக்கொண்டோம். அத்தையைக் கடைக்குக் கூட்டிப் போய், அவரே படுத்துப் பார்த்துப் பிடித்த மெத்தையை வாங்கினோம். மூன்று அங்குலம் நார், மேலே ஒரு அங்குலம் லேட்டக்ஸ். மொத்தம் நாலே அங்குலம். கட்டிலோடு சேர்த்து அதே 20. பாத்ரூம் போகிற வழியில் ஒரு சின்ன இரவு விளக்கும், சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்தோம்.

மாவுக்கட்டுப் பிரித்து நாலு மாதம் ஆகிறது. அஞ்சரை வரை தூங்குகிறாரா என்றால், இல்லை. நாலு, நாலேகாலுக்கு விழித்துவிடுகிறார். "மூணுக்கு நாலு தேவலைம்மா" என்கிறார். முக்கியமாக, எழும்போது பாதம் தரையில் பதிகிறது. பயமில்லாமல் எழுந்து நடக்கிறார்.

ஓட்டல் மெத்தை வீட்டுக்கு வரலாம், தப்பே இல்லை. ஆனால் கடைக்குக் கிளம்பும்போது பர்ஸோடு ஒரு இன்ச் டேப்பையும், அந்த மெத்தையில் படுக்கப் போகிறவரையும் மறக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்!